தேடுவது தன்னார்வலர்கள், ஒளிந்துகொண்டிருப்பது அரசு

பெங்களூரு நகரில் மறதிநோய் கண்ட முதியவர் ஒருவர் காலையில் பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை என்றால் என்ன நடக்கிறது? முதல் இரண்டு மணிநேரம் குடும்பத்தார் தெருத்தெருவாக ஓடுகிறார்கள். பிறகு காவல் நிலையம் செல்கிறார்கள். "பெரியவர்தானே, உறவினர் வீட்டுக்குப் போயிருப்பார், மாலைவரை பாருங்கள்" என்ற பதில் கிடைக்கிறது. மாலையில் மனு வாங்கப்படுகிறது. அதற்குப் பின் தேடும் வேலை முழுவதும் குடும்பத்தின் தலையிலும், அந்தக் குடும்பத்துக்கு முன்பின் தெரியாத சில நல்ல மனிதர்களின் தோளிலும் விழுகிறது.

அந்த மனிதர்களே சுவரொட்டி அச்சிடுகிறார்கள். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தின் தூண்களிலும், சிவாஜிநகர் சந்தைத் தெருக்களிலும், சங்கொள்ளி ராயண்ணா ரயில் நிலையத்தின் வாயில்களிலும் ஒட்டுகிறார்கள். பேருந்து நடத்துநர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், தெருவோரப் பூக்காரர்கள் ஆகியோரிடம் படத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். விக்டோரியா, பௌரிங் மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் கட்டில் கட்டிலாகப் பார்த்துவிட்டுப் பிணவறைக்குச் செல்கிறார்கள். இரவுக் காப்பகங்கள், கோயில் மண்டபங்கள், தர்கா வாசல்கள், அன்னதானக் கூடங்கள் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சுற்றுகிறார்கள். வாரம் மாதமாகிறது, மாதம் ஆண்டாகிறது. சுவரொட்டி வெளுத்துப்போகிறது. புதிதாக ஒன்று ஒட்டப்படுகிறது.

நாளேடுகள் அவ்வப்போது இவர்களைப் பற்றி உருக்கமான செய்தி வெளியிடுகின்றன. மனிதநேயம் இன்னும் சாகவில்லை என்று தலையங்கம் பாராட்டுகிறது. அமைச்சர் ஒருவர் சால்வை போர்த்துகிறார். இந்தப் பாராட்டு மழையில் ஒரு கேள்வி மட்டும் நனையாமல் ஒதுங்கி நிற்கிறது: ஒரு குடிமகன் காணாமல்போனால் அவரைத் தேடும் கடமை யாருடையது? அந்தக் கடமைக்குரியவர்கள் இத்தனை நாட்களாக எங்கே இருந்தார்கள்?

சட்டம் சொல்வது என்ன?

தேடும் கடமை சட்டத்தில் எழுதப்படவில்லை என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதை வரையறுக்கும்போது சிந்தனை, மனநிலை ஆகியவற்றுடன் திசை, இட, கால உணர்வும் நினைவும் கடுமையாகப் பாதிக்கப்படுவதையும் சேர்த்தே சொல்கிறது. தான் யார், வீடு எங்கே என்று சொல்லத் தெரியாமல் தெருவில் நிற்கும் முதியவர் இந்த வரையறைக்குள் வருகிறார்.

அதே சட்டத்தின் 100ஆம் பிரிவு காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு நேரடியாகக் கட்டளையிடுகிறது. தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமல் அலைந்து திரியும் மனநோயாளியை அவர் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். 24 மணிநேரத்துக்குள் அருகிலுள்ள பொது மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கொட்டடியிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்படிக் கண்டெடுக்கப்பட்டவர் குறித்துக் காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தகவல் சொல்ல வேண்டும். குடும்பத்தைத் தேடுவது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்று சட்டம் சொல்லாலேயே சொல்கிறது.

இந்த ஒரு பிரிவு நேர்மையாக நடைமுறைப்படுத்தப்பட்டால் தன்னார்வலர்களின் தேடலில் பாதி தேவைப்படாது. ஏனெனில் காணாமல்போனவர் ஒவ்வொருவரும் வேறு எங்கோ ஓரிடத்தில் கண்ணில் படுபவராகவும் இருக்கிறார். பீன்யாவில் தொலைந்தவர் ஓசூரில் ஒரு தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்திருக்கலாம். அவரைக் கண்ட காவல் நிலையமும் அவரைத் தேடும் காவல் நிலையமும் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இடையில் ஒரு மாநில எல்லை வந்துவிட்டால் அந்தப் பேச்சு நின்றுபோகிறது. அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியைத் தாண்டிச் சரக்கு லாரியும் வரிப் பணமும் தடையில்லாமல் போகின்றன. தொலைந்த மனிதரைப் பற்றிய ஒரு தகவல் தாளுக்கு மட்டும் அந்த நாற்பது கிலோமீட்டர் கடக்க முடியாத தூரமாகிவிடுகிறது.

குழந்தைகள் விஷயத்தில் இந்த அலட்சியத்தை உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு மே மாதம் கண்டித்தது. காணாமல்போன குழந்தை குறித்த ஒவ்வொரு புகாரிலும் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று ஆணையிட்டது. அதுவும் தானாக வந்துவிடவில்லை. குழந்தை உரிமை இயக்கம் ஒன்று வழக்குத் தொடுத்துப் போராடியதால் வந்தது. முதியோருக்கு அப்படியொரு பொதுவான கட்டாயம் இன்றுவரை ஏற்படவில்லை. மூப்படைந்தவர் உழைப்புச் சந்தையிலிருந்து வெளியேறியவர். அவரால் இனி உபரி மதிப்பு உருவாகாது. முதலாளித்துவ அரசின் கணக்கேட்டில் அவர் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு வரி. அந்த வரி தானாக அழிந்துபோனால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க அதற்கு என்ன அவசரம்?

குடும்பத்துக்குக் கட்டளை, அரசுக்கு விருப்பம்

2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை எடுத்துப் படித்தால் ஆளும் வர்க்கத்தின் மனம் தெளிவாகத் தெரியும். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அது விதிக்கிறது. மூத்த குடிமகனைக் கைவிடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 24ஆம் பிரிவு மிரட்டுகிறது. ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய ஓர் இல்லம் அமைப்பது பற்றிப் பேசும் 19ஆம் பிரிவுக்கு வரும்போது மட்டும் சட்டத்தின் குரல் மெலிந்துவிடுகிறது. மாநில அரசு அமைக்க 'வேண்டும்' என்று அது சொல்லவில்லை. 'அமைக்கலாம்' என்று சொல்கிறது. மகன் தவறினால் சிறை. அரசு தவறினால் ஒன்றுமில்லை.

கைவிடுவோர் இல்லையென்று யாரும் வாதிட மாட்டார்கள். ஆனால் பெரும்பான்மையான உழைக்கும் குடும்பங்களில் நடப்பது வேறு. பெங்களூருவின் ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் பெண் ஒருவர் காலை எட்டரை மணிக்குள் இயந்திரத்தின் முன் உட்கார வேண்டும். சில நிமிடத் தாமதத்துக்கும் வசவு. ஒரு நாள் விடுப்புக்கு ஒரு நாள் கூலி போகும். வீட்டில் மறதிநோய் கண்ட மாமனார் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கக் கூலி போதாது. கதவைப் பூட்டிவிட்டுப் போனால் கொடுமை என்று ஊர் சொல்லும். திறந்துவைத்துவிட்டுப் போனால் அவர் வெளியே நடந்துவிடுவார். இந்த இரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்றை அரசு ஏற்படுத்தித் தரவில்லை. 2016 ஏப்ரலில் வருங்கால வைப்புநிதியைத் திரும்பப் பெறுவதற்குக் கொண்டுவரப்பட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து இதே நகரின் சாலைகளை ஆயிரக்கணக்கில் நிறைத்து, ஒன்றிய அரசைப் பின்வாங்க வைத்தவர்கள் இந்தப் பெண்கள். அந்தப் பணம் அவர்களுக்கு ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்று கேட்டிருந்தால், வீட்டில் கிடக்கும் முதியோரின் மருந்துச் செலவும் பதில்களில் ஒன்றாக வந்திருக்கும்.

60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. இவர்களுக்கு அரசு தருவது என்ன? இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியவருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதைத் தாண்டினால் 500 ரூபாய். இந்த 200 ரூபாய் பல ஆண்டுகளாக அசையவே இல்லை. அதற்கிடையே அரிசியும் மருந்தும் எத்தனை மடங்கு ஏறின என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிப் பறிக்கப்பட்டது. பெருந்தொற்று போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு என்று பெரிதாக விளம்பரம் செய்தார்கள். அது மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால் கிடைப்பது. மறதிநோய்க்குத் தேவைப்படுவதோ தினசரிப் பராமரிப்பு, பகல்நேரக் காப்பகம், வீட்டுக்கு வரும் செவிலியர். காப்பீட்டுப் பணத்தில் தனியார் மருத்துவமனை கொழிக்கலாம். மாமனாரைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வராது.

முதியோருக்கான ஒன்றிய அரசின் உதவி எண் 14567. அது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குவது. தொலைந்த முதியவருக்கு மிகவும் ஆபத்தான நேரம் இரவு 8 மணிக்குப் பிறகே தொடங்குகிறது என்பது திட்டம் தீட்டியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். பெங்களூருவில் 2002 முதல் மாநகரக் காவல்துறையுடன் சேர்ந்து முதியோர் உதவி எண்ணை நடத்திவருவதும் நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளை என்னும் தொண்டு நிறுவனம்தான். அந்தப் பணி மதிக்கத்தக்கது. ஆனால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மாநகரின் அரசு, கால் நூற்றாண்டு நெருங்கும் நேரத்திலும் இதற்கென ஒரு முழுமையான பொது அமைப்பை உருவாக்காமல் தொண்டு நிறுவனத்தின் தோளில் சாய்ந்து நிற்பது மதிக்கத்தக்கதன்று.

மாகடி சாலை தரும் எச்சரிக்கை

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அது சில நேரங்களில் அலைந்து திரிபவர்களைப் பிடிக்கவும் செய்கிறது. 1975ஆம் ஆண்டின் கர்நாடகப் பிச்சையெடுத்தல் தடைச் சட்டத்தின்கீழ் பெங்களூரு மாகடி சாலையில் ஆதரவற்றோர் மறுவாழ்வு மையம் இயங்குகிறது. மக்கள் அதைப் பிச்சைக்காரர் காலனி என்றே அழைக்கிறார்கள். 2010 ஆகஸ்டில் அங்கு சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்து மாண்டார்கள். கொள்ளளவை மீறி அடைக்கப்பட்ட கூட்டம், மோசமான உணவு, சுகாதாரக் கேடு, மருத்துவக் கவனிப்பின்மை எல்லாம் அப்போது வெளிச்சத்துக்கு வந்தன. பிச்சையெடுக்காதவர்களும் தெருவில் நின்ற காரணத்துக்காகவே வண்டியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டார்கள் என்ற புகார்கள் எழுந்தன. அன்றைய பாஜக அரசின் சமூக நலத்துறை அமைச்சர் அந்தத் துறையை இழக்க நேர்ந்தது. அத்துடன் ஊர் மறந்தது.

இந்த மையத்தின் செலவுக்காக நகர மக்கள் சொத்துவரியுடன் 3 விழுக்காடு மேல்வரி கட்டிவருகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆக, பணம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. அலைந்து திரியும் முதியவரைக் குடும்பத்திடம் சேர்ப்பதற்கு மக்கள் பணம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இல்லாதது அவரை மனிதராகப் பார்க்கும் கண். ஒருவரைத் தெருவில் கண்டதும் "இவரை யாராவது தேடிக்கொண்டிருப்பார்களோ" என்று கேட்பதற்குப் பதிலாக "இவர் நகரின் அழகைக் கெடுக்கிறாரோ" என்று கேட்கப் பழக்கப்பட்ட நிர்வாகம் இது. வறுமையைக் குற்றமாக்கும் இத்தகைய சட்டப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தில்லிக்குப் பொருந்தும் சட்டத்தில் தீர்ப்பளித்தது. கர்நாடகத்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பிறகும் ஏட்டில் நீடித்தது.

கணித மேதை வசிஷ்ட நாராயண் சிங்கின் கதையை இங்கே நினைவுகூர வேண்டும். பிகாரின் போஜ்பூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1969இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, தாயகம் திரும்பிக் கான்பூர் ஐஐடியிலும் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் பணியாற்றியவர். மனச்சிதைவு நோய் அவரை ஆட்கொண்டது. 1989 ஆகஸ்டில் ரயில் பயணத்தில் காணாமல்போனார். நான்கு ஆண்டுகள் கழித்து 1993இல் சாரண் மாவட்டத்தின் டோரிகஞ்சில் ஆதரவற்ற நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார். அதன் பின்னரே பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சிகிச்சை அளித்தார்கள். நாடறிந்த ஓர் அறிஞர் நான்கு ஆண்டுகள் தெருவில் கரைந்துபோக முடியும் என்றால் பெயரற்ற ஒரு கட்டடத் தொழிலாளியின் நிலை என்ன? 2019 நவம்பர் 14இல் பாட்னா அரசு மருத்துவமனையில் அவர் இறந்தபோது, அமரர் ஊர்தி வருவதற்காக அவரது உடல் தள்ளுபடுக்கையில் வெளியே காத்துக் கிடந்த காட்சியை நாடு முழுவதும் பார்த்தது. அரசு மரியாதையுடன் தகனம் நடந்தது. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீயும் அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருந்தவரைத் தேடாத அரசுக்கு இறந்தவருக்கு விருது கொடுக்கத் தெரிகிறது.

ஏழு ஆண்டு இருட்டு

காணாமல்போனவர் திரும்பவில்லை என்றால் துயரத்தோடு விஷயம் முடிவதில்லை. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தில் 111ஆம் பிரிவாக அப்படியே தொடர்கிறது. அந்த ஏழு ஆண்டுகளும் மனைவி சுமங்கலியா கைம்பெண்ணா என்று அரசு அலுவலகங்களுக்கு முடிவுசெய்ய முடியாது. கைம்பெண் ஓய்வூதியத்துக்கு இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும். வீட்டுமனைப் பட்டா அவர் பெயரில் இருந்தால் கடன் கிடைக்காது.

இங்கும் வர்க்க வேறுபாடு தன் முகத்தைக் காட்டுகிறது. ஒன்றிய அரசு ஓய்வூதியர் காணாமல்போனால், முதல் தகவல் அறிக்கை பதிவான ஆறு மாதங்களுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் வழங்கலாம் என்று விதியே இருக்கிறது. தொழிற்சங்கம் உள்ள இடத்தில் அந்த அளவுக்கேனும் நியாயம் கிடைத்தது. அமைப்புசாராத் தொழிலாளிக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. அவரது மனைவி ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு ஆண்டுகளில் அவரும் முதியவராகிவிடுவார்.

கோலார் தங்கவயலின் தமிழ்க் குடும்பங்கள் இதை நன்கறியும். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவர்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறார்கள். சுரங்கத்தில் உழைத்து நெஞ்சில் தூசி நிறைந்த முதியவர்கள் பகல் முழுவதும் வீட்டில் தனியே இருக்கிறார்கள். மறதிநோய் முற்றும்போது பலருக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் மங்கித் தாய்மொழி மட்டுமே எஞ்சுகிறது. கன்னடத்திலும் தமிழிலும் ஒருசேரப் பேசிய மனிதர் கடைசியில் தமிழில் மட்டும் முணுமுணுப்பார். பெங்களூருவின் காவல் நிலையத்தில் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒருவர் வேண்டும். சென்னையில் தொலைந்த கன்னட முதியவருக்கும், இரு நகரங்களிலும் கூலிவேலை செய்யும் ஒடியா, வங்காளத் தொழிலாளிகளின் பெற்றோருக்கும் அதே தேவை உண்டு. மொழிவெறியைத் தூண்டி வாக்குச் சேர்ப்போர் இரு மாநிலங்களிலும் இருக்கிறார்கள். தொலைந்த முதியவரின் மொழியைப் புரிந்துகொள்ள ஓர் ஊழியரை அமர்த்தக் கோரியவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

கேமரா தேடித் தருமா?

தகவல் தொழில்நுட்பத் தலைநகரில் இதற்கெல்லாம் தொழில்நுட்பமே தீர்வு என்று சொல்வோர் உண்டு. முக அடையாளம் காணும் மென்பொருளைப் பூட்டினால் தொலைந்தவர் நிமிடத்தில் கிடைப்பார் என்று நிறுவனங்கள் விற்கின்றன. பெங்களூருவின் பாதுகாப்பு நகரத் திட்டத்துக்கு நிர்பயா நிதியின்கீழ் 600 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டு, 7,000-க்கும் மேற்பட்ட கேமராக்களை நிறுவும் பணி பன்னாட்டு நிறுவனமொன்றுக்குத் தரப்பட்டது. அந்தக் கேமராக்களுக்குக் கீழேதான் தன்னார்வலர்கள் இன்னும் காகிதச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தில்லியில் காணாமல்போன குழந்தைகளைத் தேடுவதற்கென்று சொல்லியே காவல்துறை முக அடையாள மென்பொருளைக் கொண்டுவந்தது. அதன் துல்லியம் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்றும், ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும்கூட அதனால் பிரித்தறிய இயலவில்லை என்றும் 2019இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. அதே வகை மென்பொருள் பின்னர் போராட்டக்காரர்களை அடையாளம் காணத் திருப்பிவிடப்பட்டது. தொலைந்த தாத்தாவின் பெயரைச் சொல்லி ஊரையே வேவு பார்க்கும் எந்திரத்தை வாங்குவது ஆளும் வர்க்கத்துக்கு இரட்டை லாபம். தேவைப்படுவதோ மிக எளிமையானது: புகார் வந்த ஒரு மணிநேரத்தில் பேருந்துப் பணிமனைக்கும் ரயில்வே காவலுக்கும் அரசு மருத்துவமனைக்கும் பக்கத்து மாவட்டக் காவலுக்கும் படமும் விவரமும் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்புள்ள ஓர் ஊழியர் மறுமுனையில் இருக்க வேண்டும்.

'தன்னார்வலர்' என்ற சொல்லின் அரசியல்

தன்னார்வலர் என்ற சொல்லை அரசு ஏன் இவ்வளவு நேசிக்கிறது என்பதைத் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். வீடுவீடாகச் செல்லும் சுமார் 10 லட்சம் ஆஷா ஊழியர்களையும் அது தன்னார்வலர்கள் என்றே அழைக்கிறது. காரணம் எளிது. தொழிலாளி என்று அழைத்தால் குறைந்தபட்ச ஊதியம், ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் தர வேண்டும். தன்னார்வலர் என்றால் ஊக்கத்தொகையும் ஒரு வாழ்த்துமடலும் போதும். இத்தகைய திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அதன் பின் ஆட்சி மாறியது. பரிந்துரை மாறாமல் கிடக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் மறதிநோய் கண்ட முதியவர் யார் என்பதை அறிந்த ஊழியர் ஒருவர் இருக்கிறார் என்றால் அவர் ஆஷா ஊழியர்தான். அவருக்கு உரிய ஊதியமும் பயிற்சியும் கொடுத்தால் முதியவர் தொலைவதற்கு முன்பே பாதுகாப்பு தொடங்கிவிடும்.

ஆகவே தன்னலமற்ற மனிதர்களின் உழைப்பைப் பாராட்டிக்கொண்டே அதை மூலதனமாக்கிக்கொள்வது நவதாராளமய அரசின் வழக்கம். மக்கள் நல்லவர்களாக இருப்பதால் அரசு பொறுப்பற்றதாக இருக்க முடிகிறது.

இதற்கு எதிர்முனையில், இடதுசாரி அணிகளுக்குள்ளேயே ஒரு தவறான எண்ணமும் தலைகாட்டுகிறது. காணாமல்போனவரைத் தேடுவது தொண்டு நிறுவன வேலை. வர்க்கப் போராட்டத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் எண்ணம் அது. கேட்க உறுதியானதாகத் தோன்றும் இந்த வாதம் உள்ளீடற்றது. பகுதி மக்கள் இரவெல்லாம் அலைந்து தேடும்போது கட்சிக் கிளை அலுவலகத்தில் விளக்கணைத்துவிட்டுப் போனால், அந்த மக்களிடம் மறுநாள் அரசைப் பற்றி எந்த வாயால் பேசுவது? அந்தத் தேடலில் கூட நடக்கும்போதுதான் காவல் நிலையத்தின் அலட்சியம், மருத்துவமனையின் ஆள் பற்றாக்குறை, காப்பகத்தின் அவலம் ஆகிய எல்லாவற்றையும் மக்கள் தம் கண்ணால் காண்கிறார்கள். அந்த அனுபவத்துக்கு அரசியல் பெயர் சூட்டுவது கட்சியின் வேலை. கூட நடக்காதவருக்கு அந்த உரிமை கிடையாது.

தன்னார்வத்தையும் அரசின் கடமையையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்பதற்குக் கேரளம் சான்று. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண, ஆதரவுப் பராமரிப்புப் பணி ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்தது. 2008இல் இடது ஜனநாயக முன்னணி அரசு அதற்கென மாநிலக் கொள்கையே வகுத்தது. உள்ளாட்சிகளின் பொறுப்பில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் படுக்கையில் இருப்போரின் வீடு தேடிச் செல்லும் முறை உருவானது. தன்னார்வலர்கள் விலகவில்லை. அவர்களுக்குப் பின்னால் பொது அமைப்பு ஒன்று வந்து நின்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: ஓரிடத்தில் மக்களின் அன்பு அரசைக் கடமைக்கு இழுத்துவந்தது, மற்றோரிடத்தில் அரசு அந்த அன்பின் பின்னால் ஒளிந்துகொண்டது.

முதலாளித்துவத்தின் வளர்ந்த நாடுகளில் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற மயக்கமும் வேண்டாம். ஜப்பானில் மறதிநோயால் காணாமல்போவதாகப் பதிவாவோர் 2012இல் 9,607 பேர். 2023இல் 19,039 பேர். அங்கே 1990களிலேயே குஷிரோ நகரில் காவல்துறை, நகராட்சி, வாடகைக் கார் ஓட்டுநர்கள், உள்ளூர் வானொலி ஆகியவை இணைந்த தேடல் வலையமைப்பு உருவானது. ஓமுதா நகரில் மக்கள் ஆண்டுதோறும் தேடல் ஒத்திகையே நடத்தினர். அதே ஜப்பானில் 2007 டிசம்பரில், மறதிநோய் கண்ட 91 வயது முதியவர், 85 வயது மனைவி சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் வெளியேறித் தண்டவாளத்தில் ரயில் மோதி இறந்தார். தனியார்மயமாக்கப்பட்ட ரயில் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? ரயில்கள் தாமதமானதற்கு இழப்பீடாகச் சுமார் 72 லட்சம் யென் கேட்டு அந்தக் குடும்பத்தின் மீது வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் கட்டச் சொன்னது. மேல்முறையீட்டில் பாதியை மனைவி கட்ட வேண்டும் என்றார்கள். 2016 மார்ச் 1இல்தான் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குப் பொறுப்பில்லை என்று விடுவித்தது. கண்ணயர்ந்த ஒரு மூதாட்டியின் சில நிமிடங்களுக்கு விலை போட்ட மூலதனத்தின் முகம் அது. இந்திய ரயில்வேயைத் துண்டுபோட்டு விற்கத் துடிப்போர் கொண்டுவர விரும்பும் எதிர்காலமும் அதுதான்.

கோரிக்கைகளும் கடமைகளும்

பெங்களூருவிலும் தமிழ்நாட்டு நகரங்களிலும் முன்வைக்கப்பட வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. மறதிநோய் கண்டவரோ 60 வயதைக் கடந்தவரோ காணாமல்போனால் காத்திருக்கச் சொல்லாமல் உடனே முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்யப்பட வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்கீழ் ஒவ்வொரு காவல் நிலையமும் எத்தனை பேரைக் கண்டெடுத்தது, எத்தனை குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்தது என்ற கணக்கை வெளியிட வேண்டும். கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் ஆகிய மாநிலங்களின் காவல்துறைகள், மருத்துவமனைகள், காப்பகங்கள், பிணவறைகள் ஆகியவற்றின் தகவல்கள் ஒரே இடத்தில் இணைக்கப்பட்டு, குடும்பத்தார் பார்க்கும்படி இருக்க வேண்டும். அடையாளம் தெரியாத உடல்களை உடற்கூறியல் சட்டத்தின்கீழ் மருத்துவக் கல்லூரிக்கு ஒப்படைக்கும் முன் இந்தத் தகவல்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

வார்டுதோறும் அரசுச் செலவில் முதியோர் பகல்நேரக் காப்பகம் வேண்டும். மாவட்டந்தோறும் முதியோர் இல்லம் என்ற பிரிவில் 'லாம்' என்பது 'வேண்டும்' என்று திருத்தப்பட வேண்டும். ஒன்றிய அரசின் 200 ரூபாய் ஓய்வூதியப் பங்கு, மனிதர் வாழத்தக்க தொகையாக உயர்த்தப்பட வேண்டும். காணாமல்போன அமைப்புசாராத் தொழிலாளியின் குடும்பத்துக்கு ஆறு மாதத்தில் இடைக்கால ஓய்வூதியம் வேண்டும். ஆஷா ஊழியர்கள் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்பட வேண்டும்.

கிளைகள் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. தன் பகுதியில் தனித்து வாழும், மறதிநோய் கண்ட முதியோர் யார் யார் என்பதை அறிந்துவைத்திருக்கலாம். சட்டைப் பையில் முகவரிச் சீட்டு வைத்துத் தைத்துக் கொடுக்கலாம். காணாமல்போன முதல் மணிநேரத்தில் குடும்பத்தாருடன் காவல் நிலையத்துக்குச் சென்று 100ஆம் பிரிவைச் சொல்லிப் புகாரைப் பதிவுசெய்ய வைக்கலாம். ஆட்டோ, போக்குவரத்து, சாலையோர வியாபாரிகள், தூய்மைப் பணியாளர் சங்கங்கள் தெருவை அறிந்தவை. அவற்றின் வழியே படம் ஒரு மணிநேரத்தில் நகரெங்கும் போகும். எந்தக் கேமராவையும்விட வேகமான வலையமைப்பு தொழிலாளி வர்க்கத்திடம் ஏற்கெனவே இருக்கிறது.

வெளுத்துப்போன சுவரொட்டியை எடுத்துவிட்டுப் புதியது ஒட்டும் மனிதர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையும் மெஜஸ்டிக்கில் நிற்பார்கள். அவர்களுடைய பசை வாளியைப் பிடிக்கச் செங்கொடித் தோழர்களின் கைகள் நீளட்டும். அதே கைகள் திங்கட்கிழமை காவல் ஆணையர் அலுவலக வாசலில் கோரிக்கை மனுவோடு உயரட்டும்.